மாத்திரை என்பது அளவு: மனப்பிறழ்வு மருந்துகள் பற்றிச் சில விளக்கங்கள்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் இல்லை. மனச்சிதைவு நோய் என்று பெயரிடப்பட்ட ஒருவரின் தம்பி. முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு வீட்டுக்குள் மாத்திரைப் பட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பவன். அதோடு, 1994இல் என் அண்ணனிடம் "மாத்திரைய நிறுத்திடுண்ணே" என்று சொன்னவனும் நான்தான்.

அப்படிச் சொல்லத் துணிச்சல் கொடுத்தவை புத்தகங்கள். அந்த வருஷம் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஃபூக்கோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அறிவு, அதிகாரம், விலக்கி வைத்தல், அடைத்து வைத்தல் என்கிற சொற்கள் எல்லாம் தமிழில் சூடாகப் புழங்கிக்கொண்டிருந்த நேரம். பைத்தியத்தின் வரலாறு குறித்த அவரது நூலின் ஆங்கிலச் சுருக்கப் பதிப்பை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் திண்ணையில் அண்ணன். வாயோரம் எச்சில் வழிய, கை இறுகி, முகத்தில் அசைவே இல்லாமல். அதிகாரம் உடலின் மேல் எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். நான் சொன்ன மறுநாளே அண்ணன் மாத்திரையை நிறுத்தினார். பிறகு என்ன நடந்தது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

இது பாவமன்னிப்புக் கேட்டு எழுதப்படும் கட்டுரை அல்ல. எழுத்தாளர்கள், இயக்கத் தோழர்கள் நடுவே இன்றும் இரண்டு வாக்கியங்கள் புழங்குகின்றன. 'எல்லாம் மூளையில கெமிக்கல் கோளாறு, மாத்திரை போட்டா சரியாயிடும்' என்பது ஒன்று. 'மாத்திரை என்பது ரசாயன விலங்கு. சமூகம் தனக்கு ஒவ்வாதவனை மழுங்கடிக்கும் கருவி' என்பது மற்றது. இருமை எதிர்வு போலத் தெரிந்தாலும் இரண்டிலும் ஒரே ஆள்தான் காணாமல் போகிறார்: மாத்திரையை விழுங்குகிறவர். மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமலேயே இரண்டு வாக்கியங்களையும் நம்மால் சொல்ல முடிகிறது. அதனால் முதலில் அதைத் தெரிந்துகொள்வோம். தத்துவம் பிறகு வரட்டும்.

2

இந்த மருந்துகளின் வம்சாவளி சாயத்தில் தொடங்குகிறது. 1876இல் ஜெர்மனியில் சாயமாக உருவாக்கப்பட்ட மெத்திலீன் நீலத்தின் உட்கூடு பீனோதயசீன் என்ற வேதிப்பொருள். அந்தக் கூட்டை வைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து ஒவ்வாமைக்கான மருந்துகள் சில செய்யப்பட்டன. அவற்றை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த ரோன்-பூலாங்க் என்ற பிரெஞ்சு நிறுவனத்தில், 1950 டிசம்பரில், பால் ஷார்ப்பாந்தியே என்ற வேதியியலாளர் குளோர்புரோமசீனைத் தயாரித்தார். பைத்தியத்துக்கு மருந்து தேடிப்போய்க் கண்டுபிடித்தது அல்ல. ஆன்ரி லபோரி என்ற கடற்படை அறுவை மருத்துவர், அறுவையின்போது உடல் அதிர்ச்சிக்குள்ளாகாமல் தடுப்பதற்காக இதைப் பயன்படுத்திப் பார்த்தார். அவர் கவனித்தது இதுதான்: நோயாளி தூங்கிவிடவில்லை. கேட்டால் பதில் சொல்கிறார். ஆனால் தன்னைச் சுற்றி நடப்பதில் ஒரு அக்கறையின்மை. 'எது நடந்தா எனக்கென்ன' என்கிற நிலை.

1952இல் பாரிஸின் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்ற இரு மனநல மருத்துவர்கள் இந்த மருந்தைக் கொந்தளிப்பிலிருந்த மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன் அங்கெல்லாம் என்ன இருந்தது என்பதை மறக்கக் கூடாது. இன்சுலின் செலுத்தி மயக்கத்தில் ஆழ்த்துவது, மின் அதிர்ச்சி, மூளையின் முன்பகுதி இணைப்புகளை அறுத்துவிடுவது, கட்டிப்போடுவது. அந்தப் பின்னணியில், கத்திக்கொண்டிருந்தவர்கள் சில நாட்களில் உட்கார்ந்து பேசியது அதிசயமாகத்தான் பட்டிருக்கும். 1955இல் டிலேயும் டெனிக்கரும் இந்த வகை மருந்துக்கு 'நியூரோலெப்டிக்' என்று பெயர் வைத்தார்கள். நரம்பைப் பிடித்துக்கொள்வது என்று பொருள். 'பெரும் அமைதிப்படுத்தி' என்ற பெயரும் புழக்கத்தில் இருந்தது. 'ஆன்டிசைக்காடிக்', அதாவது மனப்பிறழ்வுக்கு எதிரானது என்ற பெயர் பிற்பாடு வந்து நிலைபெற்றது.

இந்தப் பெயர் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு பெயர்கள் மருந்து ஆளுக்கு என்ன செய்கிறது என்று சொல்கின்றன. மூன்றாவது, மருந்து நோயை என்ன செய்கிறது என்று சொல்வதாகப் பாவனை செய்கிறது. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்வது போல இது பைத்தியத்தைக் கொல்லும் என்கிற எண்ணம் அந்தப் பெயருக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு தகவல். 1950களின் தொடக்கத்தில் ஃபூக்கோ உளவியல் பணி செய்ததும் இதே செயிண்ட் ஆன் மருத்துவமனையில்தான். 1968 மாணவர் எழுச்சியின்போது டிலேயின் அலுவலகம் மாணவர்களால் ஆக்கிரமிக்கப்பட்டது. மருந்தும் மருந்தின் மீதான விமர்சனமும் ஒரே வளாகத்தில் பிறந்தவை.

நம் பக்கத்திலும் ஒரு கிளை உண்டு. சர்ப்பகந்தி வேர் மனக்கொந்தளிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் மருத்துவக் கட்டுரை வெளியிட்டார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. 1954இல் அமெரிக்காவில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டதாக அறிவித்தார். சாயத்திலிருந்து வந்த மருந்தும் வேரிலிருந்து வந்த மருந்தும் வேதியியலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஆனால் விளைவு ஒன்றுபோல இருந்தது. ரெண்டும் எங்கோ ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன என்ற சந்தேகம் அங்கிருந்து கிளம்பியது.

3

அந்த இடம் டோபமின்.

மூளையின் நரம்புச் செல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதில்லை. நடுவில் நுண்ணிய இடைவெளி. ஒரு செல் சில வேதிப்பொருட்களை அந்த இடைவெளியில் விடுகிறது. எதிர்ப்பக்கச் செல்லின் மேல் அவற்றுக்கென்றே இருக்கும் ஏற்பிகளில் அவை போய் உட்காரும்போது செய்தி கடக்கிறது. டோபமின் அப்படிப்பட்ட ஒரு தூதன். 1957இல் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்ததால் அசைவற்றுப்போன முயல்களுக்கு, உடல் டோபமினாக மாற்றிக்கொள்ளும் எல்-டோபாவைக் கொடுத்தார். அவை எழுந்து நடமாடின. ரெசர்பின் டோபமின் சேமிப்பைக் காலி செய்கிறது என்பது இப்படித் தெளிவானது. குளோர்புரோமசீனும் 1958இல் பெல்ஜியத்தில் பால் யான்சன் உருவாக்கிய ஹாலோபெரிடாலும் வேறு வழியில் வேலை செய்கின்றன. தூதன் உட்கார வேண்டிய ஏற்பியில் இவை முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கின்றன என்று 1963இல் கார்ல்சனும் லிண்ட்க்விஸ்டும் ஊகித்தார்கள். 1970களின் நடுவில் டொரோண்டோவில் பிலிப் சீமன், பால்டிமோரில் சாலமன் ஸ்னைடர் ஆகியோரின் ஆய்வகங்கள் அதை அளந்து காட்டின. ஒரு மருந்து 'டி-2' என்ற டோபமின் ஏற்பியை எவ்வளவு இறுகப் பிடிக்கிறதோ, அவ்வளவுக்கு நோயாளிக்குத் தேவைப்படும் அளவு குறைகிறது. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, ஏற்பியை அடைத்தால் குரல்கள் ஏன் அடங்க வேண்டும்? இதற்கு எனக்குத் தெரிந்து நல்ல விளக்கம் 2003இல் ஷிதிஜ் கபூர் எழுதியது. டோபமினை 'சந்தோஷ ரசாயனம்' என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அது அவ்வளவு சரியில்லை. கண்ணிலும் காதிலும் வந்து விழும் ஆயிரம் விஷயங்களில் 'இதைக் கவனி, இது உன்னைச் சேர்ந்தது' என்று சிலவற்றின் கீழ் அடிக்கோடு போடுவது அதன் வேலைகளில் ஒன்று. உளப்பிறழ்வின்போது டோபமின் தாறுமாறாகச் சுரக்கிறது. அடிக்கோடு எல்லாவற்றின் கீழும் விழுகிறது. பஸ் ஹாரன், டீக்கடை ரேடியோ, எதிர்வீட்டுக்காரரின் இருமல், சுவரொட்டியில் கிழிந்த எழுத்து, எல்லாமே முக்கியம், எல்லாமே தனக்கான சேதி. "எல்லாம் என்னையே பாத்துப் பேசுச்சுடா" என்று அண்ணன் பின்னாளில் சொன்னார். இப்படி அடிக்கோடு விழுந்துகொண்டே இருந்தால் மனிதன் சும்மா இருக்க மாட்டான். அதற்கொரு கதை கட்டுவான். கட்டுகிற கதை அவன் ஊரிலிருந்தும் காலத்திலிருந்தும் வரும். சிலருக்கு முனி, சிலருக்கு போலீஸ், சிலருக்கு செயற்கைக்கோள். என் அண்ணனுக்கு நிலத்தகராறில் எங்களோடு வழக்காடிய பங்காளிகள்.

மருந்து அந்தக் கதையை அழிப்பதில்லை. புதிதாக அடிக்கோடு விழுவதை மங்கலாக்குகிறது. கதை பிறகு மெல்ல, வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில், பிடி தளர்கிறது. அண்ணன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சத்தம் போயிடலடா. ரேடியோவ பக்கத்து ரூமுக்கு மாத்தி வச்ச மாதிரி இருக்கு."

எனக்குக் கிடைத்த எல்லா விளக்கத்திலும் நோயாளியின் இந்த ஒரு வரிதான் துல்லியமானது. மருந்து ஊற்றை அடைப்பதில்லை. டோபமின் சுரக்கும் இடத்தில் இருக்கும் கோளாறு அப்படியேதான் இருக்கிறது. அது போய்ச் சேரும் இடத்தைத்தான் இவை மறிக்கின்றன. அதனால் 'குணமாகிவிட்டது' என்பதும் பொய். 'ஒன்றும் செய்யவில்லை, மழுங்கடிக்க மட்டும் செய்கிறது' என்பதும் பொய். பக்கத்து அறைக்குப் போன ரேடியோவோடு ஒரு ஆள் சாப்பிடலாம், தூங்கலாம், தங்கச்சி கல்யாணத்தில் பந்தி பரிமாறலாம். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் மருந்துக்கு எந்த அடிக்கோடு வேண்டியது, எது வேண்டாதது என்று தெரியாது. பாட்டுக்கும், பசிக்கும், ஒரு முகத்தைப் பார்த்ததும் வரும் துள்ளலுக்கும், எழுத உட்காரும்போது ஒரு சொல் இன்னொன்றை இழுத்துவரும் அந்த வேகத்துக்கும் அதே அடிக்கோடுதான். எல்லாமே மங்குகிறது. இளையராஜா பாட்டுக்கு உயிரை விட்டவர் அண்ணன். மருந்து எடுக்கத் தொடங்கியபின் டேப்ரிக்கார்டர் மேல் தூசி படிந்தது. "நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ஒண்ணும் பண்ணல" என்றார். இங்கே ஒரு பெரிய சிக்கல். மனச்சிதைவு நோயே ஆளை ஒதுங்கவும் பேச்சைக் குறைக்கவும் ஆசைகளை வற்றவும் செய்யும். மருந்தும் அதைச் செய்யும். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து இது நோயா மருந்தா என்று வெளியிலிருந்து படிக்க முடியாது. குறிப்பான் ஒன்று, குறிப்பீடுகள் இரண்டு. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அளவை மாற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1991இலிருந்து 1994 வரை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

4

டோபமின் மூளையில் ஒரே பாதையில் மட்டும் போவதில்லை. மருந்து எல்லாப் பாதையையும் சேர்த்தே மறிக்கிறது. பக்கவிளைவு என்கிறார்களே, அது பக்கத்தில் நடப்பதில்லை. அதே விளைவு இன்னொரு தெருவில் நடக்கிறது.

உடல் அசைவை ஒழுங்கு செய்யும் பாதை மறிக்கப்பட்டால் கை நடுங்கும், நடை சுருங்கும், முகம் மரக்கட்டையாகும். பார்க்கின்சன் நோயில் வருவதேதான். அதைத் தணிக்க ட்ரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பார்கள். அது வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், ஞாபகத்தைக் குழப்பும். சிலருக்கு முதல் சில நாட்களிலேயே கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகிக்கொள்ளும். பார்ப்பவர்களுக்குப் பேய் பிடித்தது போல இருக்கும். அது மருந்தால் வருவது, ஊசி போட்டால் சீக்கிரம் அடங்கிவிடும் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு முன்னாடியே சொல்லிவைத்தால் பாதிப் பயம் குறையும்.

'அக்கதீசியா' என்று ஒன்று உண்டு. உட்கார முடியாமை என்று அர்த்தம். வெளியே பார்த்தால் கால்மாற்றிக் கால்மாற்றி நிற்பார், வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பார். உள்ளே நடப்பது அதைவிட மோசம். தோலுக்குள்ளிருந்து யாரோ தள்ளுவது போல என்பார்கள். தற்கொலை எண்ணம் வரையும் கொண்டுபோகக்கூடியது. இதைப் பார்க்கும் குடும்பமும் சில சமயம் மருத்துவரும் 'நோய் ஏறிடுச்சு' என்று முடிவு செய்து மருந்தைக் கூட்டிவிடுவார்கள். கூட்டினால் தவிப்பு கூடும். அளவைக் குறைப்பது, மருந்தை மாற்றுவது, ப்ரொப்ரனலால் கொடுப்பது என்று வழிகள் உண்டு. ஆனால் முதலில் அந்த ஆள் 'எனக்கு உள்ளுக்குள்ள பரபரங்குது' என்று சொல்வதை யாராவது நம்ப வேண்டும்.

மாத வருடக் கணக்கில் மருந்து எடுத்தபின் நாக்கும் வாயும் தாமாக அசைபோடத் தொடங்குவது 'டார்டிவ் டிஸ்கைனீசியா'. பழைய மருந்துகளை எடுக்கும் பெரியவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஐந்து பேர் அளவில் புதிதாக இது வருகிறது. மருந்தை நிறுத்தினாலும் பலருக்குப் போவதில்லை. இதைத் தணிக்கும் மருந்துகள் 2017இல்தான் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டன. டீக்கடையில் ஒருவர் வாய் மென்றுகொண்டே நிற்பதைப் பார்த்து 'லூசு' என்று சிரிக்கிறோமே, அங்கே நாம் பார்ப்பது நோயை அல்ல, சிகிச்சையை.

பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் பாதை மறிக்கப்பட்டால் புரொலாக்டின் கூடுகிறது. மாதவிலக்கு நின்றுபோகும். பிள்ளை பெறாத பெண்ணுக்கும் மார்பில் பால் கசியும். ஆண்களுக்கும் மார்பு பெருக்கலாம், காம இச்சை வற்றலாம். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு மூன்று மாதம் தீட்டு வரவில்லை என்றால் என்னென்ன கேள்வி எழும் என்று சொல்ல வேண்டியதில்லை. மருந்துச் சீட்டில் இருக்கும் ஒரு பெயர் அவள் நடத்தை மீதான விசாரணையாக மாறிவிடும். அவளே வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை ஜன்னல் வழியே வீசிவிட்டால், அதற்கும் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்றுதான் குறிப்பு எழுதப்படும்.

1990களில் புதிய தலைமுறை மருந்துகள் வந்தன. அமெரிக்காவில் ரிஸ்பெரிடோன் 1993இலும் ஒலான்சபின் 1996இலும் அனுமதிக்கப்பட்டன. இறுக்கமும் நடுக்கமும் இவற்றில் பொதுவாகக் குறைவு. ஆனால் ஒலான்சபின் போன்றவை பசியைக் கிளப்பி எடையை ஏற்றுகின்றன, சர்க்கரையையும் கொழுப்பையும் கூட்டுகின்றன. புதியது எப்போதும் மேலானது என்கிற விளம்பரக் கதையாடல் 2005இல் உடைந்தது. அமெரிக்க அரசு நிதியில் 1,493 பேரிடம் நடத்தப்பட்ட 'கேட்டீ' என்ற ஆய்வில், பதினெட்டு மாதத்துக்குள் நூற்றுக்கு 74 பேர் தமக்குக் கொடுக்கப்பட்ட மருந்தை ஏதோ ஒரு காரணத்துக்காக நிறுத்தியிருந்தார்கள். மலிவான பழைய மருந்தான பெர்ஃபெனசீன், பெரும்பாலான புதிய மருந்துகளுக்குச் சளைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. அவர்களில் பலருக்கு குளோசபின் உதவுகிறது. வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்து 1975இல் பின்லாந்தில் சிலர் இறந்ததால் ஒதுக்கப்பட்ட மருந்து அது. மற்றவை தோற்ற இடத்தில் அது ஜெயிக்கிறது என்று 1988இல் நிறுவப்பட்டபின், தொடர் ரத்தப் பரிசோதனை என்கிற நிபந்தனையோடு திரும்பி வந்தது. டோபமின் ஏற்பியையே தொடாமல் வேறு வழியில் வேலை செய்யும் சனோமெலின்-ட்ராஸ்பியம் என்ற மருந்து 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எழுபது வருஷமாக ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருந்ததற்குப் பிறகு இன்னொரு கதவு.

5

இப்போது நமது வாக்கியத்துக்கு வருகிறேன்: 'மாத்திரை ஒரு விலங்கு.'

விலங்காக அது பயன்பட்டிருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. சோவியத் யூனியனில் கணிதவியலாளர் லியோனிட் ப்ளியுஷ்ச் மனித உரிமை பேசியதற்காக 'சீர்திருத்த மனநோயாளி' ஆக்கப்பட்டு, சிறப்பு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, ஹாலோபெரிடால் கொடுக்கப்பட்டார். 1976இல் வெளிநாடு வந்தபின் அந்த அனுபவத்தை உலகுக்குச் சொன்னார். அவருக்குக் குரல்கள் கேட்கவில்லை. அடங்குவதற்கு அவரிடம் இருந்தது சிந்தனை மட்டும்தான். நம் பக்கத்தில் சிறையிலும் காப்பகத்திலும் வீட்டிலும் கூட, யாருக்குத் தூங்க வேண்டும் என்பதற்காக யாருக்கு மாத்திரை கொடுக்கப்படுகிறது என்று கேட்டாக வேண்டும்.

ஆனால் அசல் விலங்கையும் நாம் பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் எரிந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அங்கே மனிதர்களைக் கட்டிப்போட்டது மருந்து அல்ல, இரும்பு. மருந்தும் மருத்துவரும் கைக்கெட்டாத இடத்தில்தான் இரும்பு நீண்ட காலம் புழங்கியது. பைத்தியத்தைக் கவிதையின் படிமமாகவும் கலகத்தின் உருவகமாகவும் எழுதிக்கொண்டிருந்த நாங்கள் இந்த இரும்பை எங்கே வைத்துப் பார்த்தோம்? ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்து என்று ஃபூக்கோ யாருக்கும் சொல்லவில்லை. அந்த நூல் முதன்மையாக 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பற்றியது. நிறுத்தச் சொன்னது நான். ஒரு வரலாற்று நூலை மருந்துச் சீட்டாக வாசித்தேன்.

அண்ணன் நிறுத்திய முதல் பத்து நாள் வீட்டில் திருவிழா. முகம் அசைந்தது. சிரித்தார். டேப்ரிக்கார்டரைத் துடைத்து பாட்டுப் போட்டார். நான் வாசகர் வட்டத்தில் போய் வெற்றியை அறிவித்தேன். மூன்றாவது வாரம் தூக்கம் போயிற்று. பிறகு பங்காளிகள் கூரைமேல் நடக்கத் தொடங்கினார்கள். ஒருநாள் விடியற்காலை அவர் இல்லை. நாற்பது நாள் கழித்து விழுப்புரம் ரயில் நிலையத்தில், காலில் புண்ணோடு, என்னை அடையாளம் தெரியாத நிலையில் கிடைத்தார்.

என்ன நடந்தது என்பதற்கு இன்று விளக்கம் இருக்கிறது. ஏற்பிகளை வருடக்கணக்கில் மறித்தால் செல் தன்னிடமிருக்கும் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது, கூருணர்வு கொள்கிறது. தடுப்பைச் சடாரென்று எடுத்தால் மடை திறந்த மாதிரி. அதோடு, மருந்தின் அளவுக்கும் ஏற்பி மறிபடுவதற்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. தொடக்கத்தில் கொஞ்சம் மருந்தே நிறைய ஏற்பிகளை அடைத்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு கொட்டினாலும் கொஞ்சம்தான் கூடும். ஹாலோபெரிடால் நாளொன்றுக்கு 2 மில்லிகிராமே பலருக்குப் பாதிக்கு மேல் ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. சுமார் 65 விழுக்காடு அடைபட்டால் பலன் தெரியத் தொடங்குகிறது, 80ஐ நெருங்கித் தாண்டினால் இறுக்கமும் நடுக்கமும் பெருகுகின்றன என்று மூளையைப் படமெடுத்த ஆய்வுகள் காட்டின. 1991இல் என் அண்ணனுக்குக் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். அந்தக் காலத்தில் அது சாதாரணம். திண்ணையில் நான் பார்த்த மரக்கட்டை முகம் மருந்தால் வந்தது என்பதைவிட அளவால் வந்தது என்பதே சரி. நான் எதிர்த்திருக்க வேண்டியது அந்த இருபதை. அதைப் பூஜ்யமாக்கினேன். இருபதுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் ஒரு மனிதன் வாழ இடம் இருந்தது.

புள்ளிவிவரங்களும் இதைத்தான் சொல்கின்றன. 2012இல் வெளிவந்த ஒரு பெரும் தொகுப்பாய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது நூற்றுக்கு 27 பேருக்கு. மருந்தில்லாத போலி மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 பேருக்கு. மருந்து வேலை செய்கிறது. அதே நேரம், நிறுத்தியவர்களிலும் ஓராண்டு வரை நோய் திரும்பாதவர்கள் மூன்றில் ஒருவருக்கு மேல். 2023இல் இங்கிலாந்தில் 253 பேரை வைத்து நடந்த 'ராடார்' ஆய்வில், மருந்தைப் படிப்படியாகக் குறைத்தவர்களில் இரண்டாண்டுக்குள் கடுமையாக நோய் திரும்பியது 25 விழுக்காட்டினருக்கு. தொடர்ந்தவர்களில் 13. குறைத்ததால் அந்தக் காலத்துக்குள் சமூக வாழ்க்கை மேம்பட்டுவிடவும் இல்லை. யாருக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஆக, குறைப்பது என்றால் மருத்துவரோடு சேர்ந்து, மாதக்கணக்கில், கீழே போகப் போக இன்னும் சின்னப் படிகளாக. தானாக ஒரே நாளில் நிறுத்துவது சுதந்திரம் அல்ல. அதை நான் பார்த்துவிட்டேன்.

6

அண்ணன் திரும்பி வந்தபின் நடந்த இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். மாத்திரை என்றாலே மறுத்தார். ஹாலோபெரிடால் சொட்டு மருந்தாகவும் கிடைக்கும். நிறமில்லை, வாசனையில்லை. அம்மா அதைக் காபியில் கலந்து கொடுக்க ஆரம்பித்தார். பல வீடுகளில் நடப்பதுதான். அம்மாவைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். 'எனக்குச் சாப்பாட்டுல என்னமோ கலக்குறாங்க' என்பதுதான் நோயின் சந்தேகம். நாங்கள் அந்தச் சந்தேகத்தை உண்மையாக்கினோம். ஒருநாள் அவர் சொட்டு மருந்து புட்டியைப் பார்த்துவிட்டார். அம்மா கையால் காபி குடிப்பதை அன்றோடு நிறுத்தினார். 2009இல் அம்மா இறக்கும்வரை அது திரும்பவில்லை.

இலக்கணத்தில் மாத்திரை என்றால் அளவு. ஒரு எழுத்தை எவ்வளவு நேரம் ஒலிப்பது என்கிற அளவு. மருந்துக்கும் அதே சொல் வந்து வாய்த்திருக்கிறது. மருந்து வேண்டுமா வேண்டாமா என்று கட்சி பிரிந்து கத்துவதில் எனக்கு இப்போது ஆர்வமில்லை. எவ்வளவு, எத்தனை நாள், அதை யார் முடிவு செய்வது என்பதுதான் அரசியல் கேள்வி.

சட்டம் இதில் நம்மைவிட முன்னால் போயிருக்கிறது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. தெளிவாக இருக்கும்போதே, பின்னால் நோய் முற்றினால் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டி எழுதிவைக்க உரிமை தருகிறது. தன் சார்பில் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். சங்கிலியில் கட்டுவதை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. காகிதத்தில் இருப்பதை வெளிநோயாளர் வரிசைக்குக் கொண்டுவருவது யார் வேலை? துண்டறிக்கை அடிக்கத் தெரிந்தவர்கள் நாம். இந்த உரிமைகளை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் அச்சடித்து, மனநலப் பிரிவு வாசலில் மாத்திரைக்குக் காத்திருப்பவர்கள் கையில் கொடுக்கலாம். கூடவே, மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றையும்: இந்த மருந்தின் பெயர் என்ன? எதற்காக? நான் சொல்லும் எந்த மாற்றத்தை வைத்து அளவைக் கூட்டுவீர்கள், எதை வைத்துக் குறைப்பீர்கள்? எடை, சர்க்கரை, மாதவிலக்கு, காம இச்சை, நாக்கின் அசைவு இவற்றை எப்போது பார்ப்பீர்கள்? பீடி, சிகரெட் புகை ஒலான்சபின், குளோசபின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். திடீரென்று புகையை விட்டால் அளவு ஏறும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்? கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை?

2003இல் அண்ணனுக்கு ஒரு மருத்துவர் வாய்த்தார். முதல் நாள் அவர் என்னையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அண்ணனிடம் அரை மணி நேரம் பேசினார். மருந்தை மாற்றினார். ஒன்றரை வருஷம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இரண்டு முறை குரல்கள் கிட்டத்தில் வந்தன. இரண்டு முறையும் அண்ணனே போய்ச் சொன்னார், அளவு ஏற்றப்பட்டது. இப்போது ரிஸ்பெரிடோன் 3 மில்லிகிராமில் நிற்கிறது. நாக்கு அசைவது நிற்கவில்லை. தொப்பை விழுந்துவிட்டது. ரேடியோ பக்கத்து அறையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாலையில் பாட்டுக் கேட்கிறார், முன்போல அல்ல, ஆனால் கேட்கிறார்.

இதை எழுதுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டேன். பெயரைப் போடாதே என்றார். அந்த மருத்துவரிடம் மட்டும் எப்படி ஒத்துப்போனீங்க என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "அந்தாளு மட்டுந்தாண்டா, எவ்வளவு போட்டா உனக்குத் தாங்கும்னு என்னையக் கேட்டு எழுதுனாரு."